அடையாளம் தெரியாத பெண் ஊழியர்

"அந்த மூச்சு கட்டுரையில இல்ல!"

"மூச்சு விடாம மனுஷி எப்படி ஐயா படிப்பா..."

"படிக்கட்டும், விடட்டும், யாரு வேண்டாம்னா? கட்டுரையில எந்த வரியில இருக்கு அந்த மூச்சு? அதைக் காட்டுங்க எனக்கு."

"முற்றுப்புள்ளிக்கு அப்புறம் ஒரு மூச்சு விடலாம்னு போன பொதுக்குழுவிலேயே..."

"முற்றுப்புள்ளிக்கு அப்புறம்! இவங்க விட்டது காற்புள்ளிக்கு முன்னால! எழுதினவங்க வைக்காத ஒண்ணை நடுவுல வைக்கிறதுக்குப் பேர் என்ன? சொந்தச் சரக்கு!"

மூச்சை விட்டவள் மிட்சுயோ. மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் மூச்சுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மூச்சு வந்து தொண்டையில் நின்றது. விடலாமா கூடாதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதை உள்ளேயே வைத்திருந்தாள்.

தகேனோஉரா நகரச் சமூகக் கூடத்தின் மாடியில் வாரம் ஒருமுறை கூடும் அந்தச் சங்கத்துக்குக் களஞ்சிய வாசிப்புச் சங்கம் என்று பெயர். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதவும் திருத்தவும் கூடிய ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது அல்லவா, அதிலுள்ள கட்டுரைகளை வாய்விட்டுப் படித்துப் பதிவுசெய்து கண் தெரியாதவர்களுக்குக் கொடுப்பது சங்கத்தின் வேலை. தலைவர் குசாகாபே, நகரக் கல்வி அலுவலகத்தில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டதே தவிர அவர் அலுவலகத்தை விடவில்லை. செருப்பு மாற்றும் இடத்தில்கூட யார் செருப்பு எந்தத் தட்டில் என்று பதவி வாரியாகச் சீட்டு ஒட்டியிருந்தார். மூச்சுக்குப் பரிந்து பேசியவள் செயலாளர் ஷிமோமுரா அம்மாள். பரிந்து பேசினாள் என்றால் மிட்சுயோவுக்காக அல்ல. முற்றுப்புள்ளி மூச்சுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

சங்கம் இதுவரை வெளியிட்ட ஒலிக்கட்டுரைகள் மிகக் குறைவு. குறைவாக வெளியிடுவதே தரத்துக்கு அத்தாட்சி என்று தலைவர் ஆண்டறிக்கையில் எழுதினார். போன வருடம் ஒன்றே ஒன்று வந்தது. தலைப்பு, 'சரளைக்கல்'.

"மிட்சுயோ அம்மா, தப்பா நினைக்காதீங்க," என்றார் குசாகாபே, குரலைத் தாழ்த்தி. அவர் குரலைத் தாழ்த்தினால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "மூச்சைக்கூட மன்னிச்சிரலாம். ஆனா 'பாலம் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது'ங்கிற இடத்துல உங்க குரல் இறங்கிருச்சு."

"வாக்கியம் முடியுதே ஐயா, இறங்காதா?"

"அது முடியற இறக்கம் இல்ல. வருத்தப்படற இறக்கம். கலைக்களஞ்சியம் நடுநிலை. படகுக்கும் வருத்தப்படாது, பாலத்துக்கும் சந்தோஷப்படாது. பாலம் கட்டினவங்க வீட்டுலயும் கண்ணு தெரியாதவங்க இருப்பாங்க. அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"அப்ப திரும்பப் படிச்சுத் தரேன். இந்தப் பதிவு மட்டும் எனக்கு ஒரு பிரதி..."

"அழிச்சாச்சு," என்றாள் ஷிமோமுரா. "ஏற்காத பதிவை வச்சிருந்தா ஜனங்க தவறான வழியில போயிருவாங்க. உழைச்சிருக்கீங்க, நன்றி."

எல்லோரும் குனிந்து, "உழைச்சிருக்கீங்க, நன்றி" என்றார்கள். அரிசி வறுவலும் தேநீரும் வந்தன.

*

"என்ன, திருப்பிட்டாங்களா?"

"மூச்சு விட்டுட்டேனாம்."

"வீட்டுலயே விட்டுட்டுப் போகவேண்டியதுதானே," என்றான் அவள் கணவன் தோகுஜி.

சர்க்கரை வியாதி அவன் கண்களை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. முன்னால் ஒரு கருப்புப் பெட்டி இருந்தது. நூலகம் கொடுத்தது. பெரிய பொத்தான்கள், அழுத்தினால் படிக்கும். சங்கம் வெளியிடுவதெல்லாம் அதில் தானாக வந்து சேரும். அந்த ஊரில் சங்கத்தின் பதிவுகளைக் கேட்டவர் என்று விரல்விட்டு எண்ணப் போனால் அவன் ஒருவன்தான். 'சரளைக்கல்'லை அத்தனை தடவை கேட்டிருந்தான்.

"சரளைக்கல்லைப் பத்தி இனிமே யாரும் எனக்குச் சொல்லித்தர முடியாது," என்பான்.

டாக்டர் சொன்னது அவர்கள் இருவருக்கும் தெரியும். மிட்சுயோவின் குரல்வளையில் இருப்பது கெட்ட கட்டி. புத்தாண்டுக்கு முன் குரல்வளையை எடுத்துவிட வேண்டும். உயிர் இருக்கும், குரல் இருக்காது.

அவர்களுக்குக் கல்யாணம் நடந்ததே அந்தக் குரலால்தான். தகேனோஉராவுக்கும் எதிரே ஒகினோசே தீவுக்கும் ஓடிய படகில் அவள் மேல்தளத்து அறிவிப்பாளர். அவன் அடித்தளத்து இயந்திர அறையில் எண்ணெயும் கரியுமாக இருந்தவன். ஒலிபெருக்கியில் இறங்கி வந்த குரல்தான் அவனுக்கு முதலில் தெரியும். முகத்தைப் பார்த்தது அப்புறம்.

"முதல்ல குரல்," என்று இப்போதும் சொல்வான். "நடுவுல கொஞ்சகாலம் முகம். மறுபடி குரல். இனிமே என்ன பண்றதுன்னுதான் தெரியல."

"ஏங்க, போன்லயே பேசி வச்சிரட்டுமா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"பேசு."

அவள் போனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. என்ன பேசுவது? இத்தனை வருடங்களில் அவனிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதைச் சொல்ல அவளுக்கு வராது. சொல்லியிருந்தால் திரும்பச் சொல்ல வெட்கம்.

"அரிசி டப்பா... கீழ் அலமாரியில இருக்கு," என்றாள்.

"அது எனக்குத் தெரியும்."

"ஆரஞ்சுப் பெட்டி நடையில இருக்கு. அடியில இருக்கறதை முதல்ல சாப்பிடுங்க, அழுகிரும்."

"அடியே, நீ செத்துப்போற மாதிரி ஒரு போனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு இப்படியெல்லாம் வேண்டாம். ஏதாவது படி. யாரோ எழுதினதை. நீளமா. நம்ம படகைப் பத்தி ஒரு கட்டுரை இருக்காமே, அதைப் படி. கப்பல்ல அறிவிப்பு சொல்வியே, அந்த மாதிரி. நான் பொத்தானை அழுத்திட்டுக் கீழ்த்தளத்துல இருக்கிறதா நினைச்சுக்கறேன்."

போனில் அவன் விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான் இல்லை, பெட்டியிலோ சங்கம் வெளியிடுவதுதான் வரும். அப்படித்தான் அவள் சங்கத்தில் சேர்ந்தாள்.

*

இரண்டாவது தடவை அவள் மூச்சும் இறக்கமும் இல்லாமல்தான் படித்தாள். பதிவு அறை என்பது மெத்தைகள் அடுக்கும் சுவர் அலமாரி. கதவைச் சாத்திக்கொண்டு, நாலு புறமும் பழைய மெத்தை வாடை அடிக்க, மடியில் விளக்கை வைத்துக்கொண்டு படிக்கவேண்டும். வெளியே வந்தபோது நிர்வாகக் குழு முழுவதும் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"ஒரு விஷயம் தெரியவந்திருக்கு," என்றார் குசாகாபே. "நீங்க அந்தப் படகுல வேலை பார்த்தீங்களாமே?"

"ஆமா ஐயா. சேரும்போதே சொன்னேனே."

"சொன்னீங்க. தெரியவந்தது இப்பதான். தனக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்தைத் தானே படிக்கிறது பக்கச்சார்பு. சம்பந்தமில்லாத ஒண்ணைப் படிச்சு நடுநிலையை நிரூபிங்க. அப்புறம் படகைப் பார்க்கலாம். கடல் வெள்ளரியைப் படிங்க."

மிட்சுயோ கடல் வெள்ளரியைப் படித்தாள்.

"நீங்க கடல் வெள்ளரி சாப்பிடுவீங்களா?" என்று ஷிமோமுரா கேட்டாள்.

"புத்தாண்டுக்குக் காடியில ஊறவச்சு..."

"அதான். 'உணவாகவும் பயன்படுகிறது'ங்கிற இடத்துல கேட்டுருச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"எச்சில்."

பிறகு அவள் கான்கிரீட்டைப் படித்தாள். கான்கிரீட்டின் மேல் அவளுக்கு எந்த விருப்பு வெறுப்பும் இல்லை என்று குழு ஏகமனதாக ஒப்புக்கொண்டது. ஆனால் பாலம் கான்கிரீட்டால் ஆனது என்று ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். அதைப் பற்றி விவாதிக்கத் தனியாக ஒரு கூட்டம் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் மிட்சுயோ எழுந்து நின்று சொன்னாள். குரல் அதற்குள் கரகரத்துவிட்டது.

"தலைவர் ஐயா, எனக்கு நாளில்ல. வருஷக் கடைசியில குரல்வளையை எடுக்கப்போறாங்க. அதுக்கப்புறம் பேச்சு வராது. என் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. படகுக் கட்டுரையை மட்டும் என் குரல்ல அவருக்குக் கொடுத்துட்டுப் போகலாம்னுதான் சேர்ந்தேன். கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

அடுப்பில் கெட்டில் சீறியது. குசாகாபேயின் கண் கலங்கியது. அது உண்மையாகவே கலங்கியது, அவர் கெட்ட மனுஷன் அல்ல. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஷிமோமுராவைப் பார்த்தார்.

"இதைக் கூட்டக் குறிப்புல எழுதாதீங்க. சொந்த உடம்பு விஷயம். ரகசியம் காக்கணும்."

"எழுதலை ஐயா."

"நல்லது. மிட்சுயோ அம்மா, கல்வி அலுவலகத்துல முப்பது வருஷம் ஒரே ஒரு கட்டுப்பாட்டோட இருந்தேன். குறிப்புல இல்லாதது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது. அப்படி இருந்ததாலதான் யாருக்கும் சலுகை காட்டினேன்னு ஒரு சொல் என்மேல வரல. உங்களுக்காக அதை இப்ப உடைச்சா, அது உங்களுக்குத்தான் அவமானம்."

"எனக்கு ஒரு அவமானமும் இல்ல ஐயா."

"பெருந்தன்மை. ஆனா யோசிச்சுப் பாருங்க. கண்ணு தெரியாதவங்களுக்கு நாம கொடுக்கிறது குரலா? இல்ல. தகவல். குரல்ங்கிறது தகவலுக்கும் காதுக்கும் நடுவுல நிக்கிற தடை. அந்தத் தடையைக் குறைக்கக் குறைக்கத்தான் சேவை. குரலே இல்லாத ஒரு ஒலிப்பதிவு, அதுதான் இந்தச் சங்கத்தோட லட்சியம்."

குழு கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கேக்கறவங்க யாரையாவது இதைக் கேட்டீங்களா ஐயா?" என்றாள் மிட்சுயோ.

"கேக்கறவங்களைக் கேட்டா பக்கச்சார்பு வந்துரும்," என்றார் குசாகாபே.

*

கான்கிரீட் விவகாரம் ஒருவழியாக ஓய்ந்து, படகுக் கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை படிக்க அனுமதி வந்தது. ஆனால் இந்தத் தடவை விதிப்படி முழுவதும் படிக்கவேண்டும். படங்களையும் விளக்கிச் சொல்லவேண்டும். முந்தின தடவைகளில் படத்தை யாரும் கேட்கவில்லை. ஷிமோமுரா ஒத்திகைக்காகக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

கருப்பு வெள்ளைப் படம். படகின் மேல்தளம், கொடிக்கயிறு, பின்னால் தீவு. நடுவில் தொப்பி வைத்த இளம்பெண் ஒருத்தி, கையில் ஒலிவாங்கி, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அடியில் எழுதியிருந்தது: மேல்தளத்தில் அடையாளம் தெரியாத பெண் ஊழியர்.

"இது நான்," என்றாள் மிட்சுயோ.

ஷிமோமுரா படத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "ஐயா!" என்று கூப்பிட்டாள்.

குசாகாபே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஜாடை இருக்கு," என்றார். "ஆதாரம்?"

"நான்தான் ஆதாரம். இங்கதானே உட்கார்ந்திருக்கேன்."

"அதுதான் சிக்கல். தன்னைப் பத்தித் தானே சொல்றதை ஆதாரமா எடுக்கிறதில்ல. மூணாவது மனுஷர் யாராவது அச்சுல எழுதியிருக்கணும்."

"என் வீட்டுக்காரர் சொல்வாரு."

"அவருக்குக் கண்ணு தெரியாதே அம்மா," என்றார் குசாகாபே மென்மையாக. "படத்தை எப்படி அடையாளம் சொல்வாரு? எழுதியிருக்கிறபடி படிங்க."

மிட்சுயோ மெத்தை அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தத் தடவை அவளுக்குள் எதுவும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. படகு தொடங்கப்பட்டது. படகு நின்றது. பாலம் திறக்கப்பட்டது. மேல்தளத்தில் அடையாளம் தெரியாத பெண் ஊழியர். கடையில் மீன் விலை படிப்பதுபோலப் படித்துவிட்டு வெளியே வந்தாள்.

குழு கேட்டது. முடிந்ததும் குசாகாபே எழுந்து நின்று, இடுப்புவரை குனிந்தார்.

"அற்புதம். யாருமே படிக்காத மாதிரி இருக்கு."

அப்புறம் முத்திரைகள். பதிவை ஏற்றதாக நிர்வாகக் குழுவினர் எல்லோரும் வரிசையாகச் சிவப்பு முத்திரை குத்தவேண்டும். அதில் ஒரு மரியாதை உண்டு: தலைவரின் முத்திரை நேராக நிற்கும், மற்றவர்கள் அதை நோக்கிக் குனிந்து வணங்குவதுபோலச் சாய்த்துக் குத்துவார்கள். பொருளாளர் தவறிப்போய் நேராகக் குத்திவிட்டார். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் நிலைமை மோசமாயிற்று. புதுத் தாள் எடுத்து எல்லோரும் முதலிலிருந்து குத்துவதென்று முடிவானது. அதற்குள் ஓர் உறுப்பினர் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார், திரும்புவது புத்தாண்டு கழிந்து.

"பிரதி மட்டும் இப்பவே கொடுங்களேன்," என்றாள் மிட்சுயோ. அதைச் சொல்லவே அவள் இரண்டு தடவை இருமவேண்டியிருந்தது.

"முத்திரை காயட்டும் அம்மா," என்றார் குசாகாபே. "களஞ்சியத்துக்கு அவசரமே கிடையாது. அதான் அதோட பெருமை. நல்லபடியா போயிட்டு வாங்க."

எங்கே போகிறாள் என்பது குறிப்பில் இல்லாததால் அதை அவர் கேட்கவில்லை.

*

குளிர் முடிவில் பிளம் மரங்கள் பூக்கத் தொடங்கியபோது மிட்சுயோ வீடு திரும்பியிருந்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. மூச்சு இப்போது அந்த வழியாகப் போய்வந்தது, லேசாக விசிலடித்துக்கொண்டு. தோகுஜியின் உள்ளங்கையில் விரலால் எழுதித்தான் பேசினாள். பல் தேய்க்கச் சொல்வதற்கும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கும் அது போதும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட அது போதாது. அவன் தினமும் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பான். 'சரளைக்கல்' என்று பெட்டி சொல்லும். அணைத்துவிடுவான்.

ஒரு பிற்பகலில் குசாகாபேயும் ஷிமோமுராவும் வந்தார்கள். பயறு இனிப்புப் பெட்டி, சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டி. வாசலில் இரண்டு தடவை குனிந்து, உள்ளே ஒரு தடவை குனிந்து உட்கார்ந்தார்கள்.

"முத்திரை எல்லாம் விழுந்திருச்சு!" என்றார் குசாகாபே. முகம் முழுக்கச் சந்தோஷம்.

தோகுஜி நிமிர்ந்தான். "அப்ப பெட்டியில வந்துருமா?"

"இன்னைக்கே வரவேண்டியது. ஆனா அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு நடந்திருக்கு. நம்ம சங்க இதழ்ல நான் ஒரு குறிப்பு எழுதினேன், படத்துல இருக்கிறது தான்தான்னு மிட்சுயோ அம்மா சொல்றாங்கன்னு. அச்சுல வந்திருச்சு. அச்சுல வந்தா ஆதாரம்! அதைக் காட்டிக் களஞ்சியத்துல நானே என் கையால திருத்திட்டேன். 'அடையாளம் தெரியாத பெண் ஊழியர்' எடுத்தாச்சு. அங்க இப்ப உங்க பேர் இருக்கு அம்மா! ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு முன்னால சொல்லல."

மிட்சுயோ அவரையே பார்த்தபடி இருந்தாள். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

"அதனால பதிவும் கட்டுரையும் ஒரு இடத்துல ஒத்துப்போகல," என்றார் குசாகாபே. "ஒத்துப்போகாத பதிவை வெளியிட விதி இடம் கொடுக்காது. மாசக் கடைசியில அழிச்சிரணும். ஆனா கவலைப்படவேண்டாம், ஒரே ஒரு வார்த்தைதான். வீட்டுலயே முடிச்சிரலாம்னு கருவியைக் கொண்டுவந்திருக்கேன்."

"கட்டுரையைப் பழையபடி மாத்திருங்க தலைவரே," என்றான் தோகுஜி.

"ஆதாரம் உள்ள உண்மையை எடுக்கிறது நாசவேலை. என்னைத் தடை பண்ணிருவாங்க."

"ஷிமோமுரா அம்மா, நீங்க படிச்சு ஒட்டிருங்க அந்த ஒரு வார்த்தையை."

"ஒரு கட்டுரைக்கு ஒரே குரல்," என்றாள் ஷிமோமுரா. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு மெதுவாக, "ஐயா... இவங்களுக்கு..." என்றாள்.

"என்ன? குறிப்புல ஏதாவது இருக்கா?"

"இல்ல ஐயா."

"குறிப்பு எழுதறது நீங்கதானே?"

"நான்தான். நான் எழுதலை."

மிட்சுயோ தோகுஜியின் கையை இழுத்து விரித்து அதில் எழுதினாள். அழுத்தி எழுதினாள். அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு படித்தான், இயந்திர அறையில் மேலிருந்து வரும் குரலுக்குச் சாய்த்ததுபோல.

"என்ன சொல்றாங்க?" என்றார் குசாகாபே.

"தேநீர் ஆறுதாம், குடிக்கச் சொல்றா," என்றான் தோகுஜி. அவன் கை மூடிக்கொண்டது. "தலைவரே, அந்தப் பேரை நான் சொல்றேன். அவ பேரை என்னைவிட அதிகமாச் சொன்னவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?"

"உங்க குரல்ல பாசம் வந்துருமே ஐயா," என்றார் குசாகாபே, உண்மையான வருத்தத்தோடு. தேநீரை ஒரே மடக்கில் குடித்து, கிண்ணத்தைத் தள்ளிவைத்து, பையிலிருந்து கருவியை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். சிவப்புப் புள்ளி எரிந்தது. அதை இரண்டு கையாலும் மரியாதையாக ஏந்தி, வெள்ளைத் துணி கட்டிய கழுத்துக்கு நேராக நீட்டினார்.

"ம், சொல்லுங்கம்மா. உங்க பேரை மட்டும். சாதாரணமா, மூச்சுச் சத்தம் மட்டும் இல்லாம."